கலியமூர்த்தி எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்?

1

“ஆடி 18, ஞாயிறு. காலையில் வசந்தாவின் வீடியோ அழைப்பு. கல்யாண மாலை ஆற்றில் விடப்பட்டது, இரண்டு முறை. மாடம் பாதி மறைந்திருந்தது. விசில் கேட்கவில்லை.”

அந்த நாளுக்கு என் நாட்குறிப்பில் இருப்பது இவ்வளவுதான். நெதர்லாந்துக்கு வந்த நாளிலிருந்து குறிப்பு எழுதுகிறேன். அன்றைய வெயில், வந்த கடிதம், ஊரிலிருந்து யார் பேசினார்கள் என்று ஒன்றும் விடுபடாது. பெரும்பாலான நாட்களில் பக்கம் நிரம்பிவிடும். அன்றைய பக்கத்தில் முக்கால்வாசி வெற்றிடம். எழுத்தும் என் எழுத்துப் போல இல்லை.

ஊரில் இருப்பவர்களுக்காக இதை விரித்து எழுதுகிறேன். நடந்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்ததையும் தெரியாததையும் தனித்தனியாக வைக்கப் பார்க்கிறேன்.

2

வசந்தா என் தங்கை. திருவிடைமருதூருக்குக் கிழக்கே, காவிரிக் கரையில் உள்ள எங்கள் ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவள். அவள் மகள் மாலதிக்கு இந்த வைகாசியில் கல்யாணம். தாய்மாமன் நான் போகவில்லை. என் குடியிருப்பு அட்டை புதுப்பிப்பில் இருந்தது. கைரேகை வைத்தாகிவிட்டது, அட்டை வரவில்லை. நடுவில் நாட்டை விட்டுப் போனால் திரும்பி நுழைய இன்னொரு தாள் வேண்டும், அந்தத் தாளுக்கு வேறொரு அலுவலகத்தில் நேரம் வாங்க வேண்டும், அங்கே கிடைத்த முதல் நாள் முகூர்த்தம் கழிந்து ஒரு வாரம். சன்னலுக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் “என் தங்கை மகளுக்கு மணமேடையில் நான்தான் மாலை போட வேண்டும்” என்று அவர்கள் மொழியில் சொன்னேன். “வேறு யாராவது போடலாமா?” என்று அக்கறையாகவே கேட்டாள். வேறு யாரோதான் போட்டார்கள்.

அதனால் ஆடிப்பெருக்கை எனக்குக் காட்டியே தீருவது என்று வசந்தா முடிவு செய்திருந்தாள். நம் பக்கத்துப் புதுமணத் தம்பதிகள் கல்யாண மாலையைத் தூக்கி எறிவதில்லை. ஆணியில் மாட்டி வைத்து, பூ சருகாகி நாராக நிற்கும்போது, ஆடிப் பதினெட்டில் ஆற்றோடு விடுவார்கள். பெண்ணுக்குப் புது மஞ்சள் கயிறு மாற்றுவார்கள். “மாலை போடத்தான் நீ வரல. விடும்போதாவது பாரு” என்றாள் வசந்தா.

எங்கள் படித்துறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பக்கச் சுவரில் விளக்கு வைக்கிற மாடம் ஒன்று இருக்கிறது. தண்ணீர் அதன் கீழ் விளிம்பைத் தொட்டால் கீழ்ப்படிகளில் யாரும் நிற்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். அந்த மட்டத்துக்கு மேல் நீர் சுவரில் மோதிச் சுழன்று காலை வாரிவிடும். நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது, மேலே மதகின் ஷட்டரைத் தூக்குமுன் லஸ்கர் சைக்கிளில் கரையோடு விசில் ஊதிக்கொண்டே வருவார். மதகுகளைத் திறந்து மூடி, கரையைப் பார்த்துக்கொள்கிறவரை எங்கள் பக்கம் லஸ்கர் என்றுதான் சொல்வோம். அந்தக் காலம் பத்திரமானது என்று நான் எழுதப்போவதில்லை. அந்த விசிலையும் மீறி எங்கள் தெருவில் ஒருவர் ஆற்றோடு போயிருக்கிறார்.

இப்போது படித்துறையில் காவலுக்கு நிற்பவர் கலியமூர்த்தி. பல வருஷமாகத் தற்காலிக வேலை. கழுத்தில் விசில் உண்டு. ஆனால் மேலே தண்ணீர் கூட்டுகிற செய்தி அவருக்கு வருவது வாட்ஸப் குழுவில்.

3

அந்த ஞாயிறு, வேலைக்குக் கிளம்புமுன் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். மனைவியும் மகள் நிலாவும் தூக்கத்தில். மேசையில் ஃபோனைச் சாய்த்து வைத்திருந்தேன். அதில் காவிரி.

கரை முழுக்கக் கூட்டம். வாழை இலைகளில் காப்பரிசி, காதோலை, கருகமணி. ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு. வசந்தா மேல்படியில் நின்று ஃபோனைப் பிடித்திருந்தாள். கீழே முழங்கால் தண்ணீரில் மாலதியும் அவள் கணவன் பிரகாஷும்.

“மாமா தெரியுதாடி? மாமாவப் பாத்துச் சிரி.”

“இங்கேருந்து மாமா தீப்பெட்டி சைசுக்குத் தெரியிறாரும்மா,” என்றாள் மாலதி.

“ரெண்டு பேரும் கைய வைங்க. மாப்ள, நீங்களும் பிடிங்க, என்னமோ கரண்டு கம்பியத் தொடுற மாதிரி நிக்கிறீங்க.”

மாலை தண்ணீரைத் தொட்ட இடத்தில் படம் உறைந்தது. கூட்டம் அதிகமானால் அங்கே சிக்னல் இப்படித்தான் நிற்கும். ஒலி மட்டும் விட்டு விட்டு வந்தது.

“அண்ணே, பாத்தியா? அண்ணே? மூஞ்சி அப்பிடியே நின்னு போச்சு. ஏ மாலதி, மாமா பாக்கலடி. அந்த மாலைய இழு, இன்னொரு தடவ விடுங்க.”

“ஆத்தோட போனத இழுக்கக் கூடாதும்மா.”

“எங்கடி போச்சு? அங்கேயேதான சுத்துது. ஒரு படி எறங்கி எடு.”

வேண்டாம் என்று சொன்னேன். அது போய்ச் சேரவில்லை.

படம் திரும்பி வந்தபோது மாலதி இடுப்பளவு தண்ணீரில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். மாலை அவள் கையில். நான் பார்த்தது அவளுக்குப் பின்னால் இருந்த சுவரை. மாடம் பாதிதான் தெரிந்தது. கீழ்ப் பாதியைத் தண்ணீர் மூடியிருந்தது. படம் உறைந்தபோது முழு மாடமும் தெரிந்தது என்பது எனக்கு நிச்சயம்.

திரையின் வலது ஓரத்தில் ஒரு காக்கிச் சட்டை. கழுத்தில் விசில். தலை குனிந்திருந்தது. கையில் ஃபோன்.

“வசந்தா, மேல ஏறச் சொல்லு! அவள மேல வரச் சொல்லு!”

அவள் ஃபோனை அவர்கள் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தாள். என் குரல் ஆற்றைப் பார்த்துப் போனது. அதற்கும் மேலே அம்மன் பாட்டு. காக்கிச் சட்டைக்காரரைக் கூப்பிட்டேன், பெயர் சொல்லி. பிறகு என் வாயிலிருந்து வந்தது தமிழே இல்லை. “தெருக்! தெருக்!” என்று கத்தினேன். டச்சில் பின்னால் போ என்று அர்த்தம். வேலையில் ஒலிபெருக்கி வழியாக நான் சொல்லும் சொல். தங்கை மகளுக்கு ஆபத்து வந்த நேரத்தில் என் தொண்டை எடுத்துக் கொடுத்தது அதைத்தான். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மாலதி நின்ற இடத்தில் மாலை மட்டும் இருந்தது.

பிறகு படத்தில் வானம், ஒரு படி, யாருடைய காலோ. பிறகு அழைப்பு துண்டிக்கப்பட்டது.

4

என் சத்தத்தில் நிலா எழுந்து வந்தாள். பதினாறு வயது. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் டச்சில் பதில் சொல்வாள். நடந்ததைச் சொன்னேன்.

“மாலதி அக்காவுக்கு நீந்தத் தெரியும்தானே?” என்றாள். அபூர்வமாகத் தமிழில்.

“தெரியாது.”

“அவங்க வீடு ஆத்துப் பக்கம்தானே இருக்கு?”

இங்கே பிள்ளைகள் சட்டை, காற்சட்டை, காலணியோடு குளத்தில் குதித்து நீந்திக் காட்டினால்தான் நீச்சல் சான்றிதழ். நிலா ஏழு வயதில் வாங்கினாள். ஆற்றங்கரையில் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு ஏன் அது தெரியவில்லை என்பதை அவளுக்கு விளக்க அப்போது நேரம் இல்லை. நேரம் இருந்தாலும் என்னால் முடிந்திருக்குமா என்று தெரியவில்லை.

வசந்தாவுக்கு மறுபடி மறுபடி அடித்தேன். போகவில்லை. மாலதிக்கும் போகவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது. சைக்கிளை எடுத்தேன். வழியெல்லாம் ஒரு கை ஃபோனில் இருந்தது. சிக்னலில் ஒரு காரோட்டி என்னைத் திட்டினார். அவர் பக்கம்தான் நியாயம்.

என் வேலை பாலம் தூக்குவது. இந்த நகரத்துக் கால்வாய்களில் பாய்மரப் படகுகள் வரும்போது சாலைப் பாலங்கள் மேலே எழும்ப வேண்டும். முன்பு ஒவ்வொரு பாலத்திலும் ஓர் ஆள் இருப்பார். இப்போது நாங்கள் ஓர் அறையில் உட்கார்ந்து, கேமராவில் பார்த்து, தொலைவிலிருந்து தூக்குகிறோம். அறைக்கு வெளியே சுவரில் சாம்பல் நிறப் பெட்டிகள் உண்டு. ஃபோனை அதற்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார வேண்டும். வேலை தொடர்பான எல்லாச் செய்தியும் தனி ரேடியோவில் வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தப் பெட்டி எனக்குச் சற்று அவமானமாக இருந்தது, பள்ளிக்கூடத்துப் பையனைச் சோதிப்பது போல. பழைய விபத்து விசாரணைகளை நூலகத்தில் எடுத்துப் படிக்கிற வழக்கம் எனக்கு உண்டு. படிக்கப் படிக்க அந்த அவமானம் போய்விட்டது.

அன்று பெட்டியின் முன்னால் நின்றேன். திரையில் ஒன்றும் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லித் திரும்பியிருக்கலாம். ஆனால் அந்த நாற்காலியில் அதுவரை இருந்தவர் இரவெல்லாம் விழித்தவர். பூட்டினேன். உள்ளே போனேன்.

5

எங்கள் அறையில் ஒரு பழக்கம் இருக்கிறது. பாலத்தைத் தூக்குமுன் ஒவ்வொரு கேமராவையும் பார்த்து, பார்த்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். “இடது நடைபாதை காலி. வலது நடைபாதை காலி. தடுப்பு இறங்கிவிட்டது.” பக்கத்தில் ஆள் இல்லாவிட்டாலும் சொல்ல வேண்டும். கண் பார்த்ததை வாய் ஒப்புக்கொள்ளட்டும் என்பதற்காக.

முதல் படகு வந்தது. மணி அடிக்கவிட்டேன். தடுப்புகளை இறக்கினேன். “இடது காலி,” என்றேன். “வலது காலி,” என்றேன். விரல் பொத்தானுக்குப் போய்விட்டது.

அப்போதுதான் தெரிந்தது, நான் வலது பக்கத்தைப் பார்க்கவே இல்லை என்று. கண் அந்தத் திரையில்தான் இருந்தது. அதில் எனக்குத் தெரிந்தது பாதி மாடம். மறுபடி பார்த்தேன். நான்கு சக்கர நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு மூதாட்டி தடுப்புக்கு உள்ளே, பாலத்தின் ஓரத்தில் இருந்தார். மெதுவாக, தலை நிமிராமல் போய்க்கொண்டிருந்தார்.

பாலம் அசைந்திருக்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கனவில் அது அசைந்துவிடுகிறது. விரலை எடுத்தேன். மூதாட்டி மறுகரை சேரும்வரை காத்தேன். படகைத் தாண்டவிட்டேன். பாலத்தை இறக்கினேன். பிறகு கையைத் தூக்கினேன்.

எங்கள் குழுத்தலைவி ஹென்னி வந்தார். எதையும் உரக்கப் பேசாத பெண்.

“என்னால் இன்று பார்க்க முடியவில்லை,” என்றேன்.

“கண்ணில் கோளாறா?”

“கண்ணில் ஒன்றுமில்லை.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். “இப்போது எங்கே இருக்கிறாய்?” என்று கேட்டார்.

“ஒரு படித்துறையில்.”

அந்தச் சொல்லைத் தமிழிலேயே சொன்னேன். அவர் விளக்கம் கேட்கவில்லை. “எழுந்திரு,” என்றார். என் நாற்காலியில் அவர் உட்கார்ந்து, எல்லாக் கேமராக்களையும் முதலிலிருந்து வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினார்.

பிறகு இதற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. பணியில் தொடர முடியாததற்குக் காரணம்: நோய், சோர்வு, மருந்து, மது. என் காரணம் எந்தக் கட்டத்திலும் இல்லை. ‘மற்றவை’ என்ற கட்டத்தில் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு மருத்துவர் என்னைக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினார். ஃபோன் பெட்டிக்குள் பூட்டியிருந்தபோதும் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை அவர் தாளில் எப்படிக் குறித்துக்கொண்டார் என்று தெரியாது.

பெட்டியைத் திறந்தபோது வசந்தாவின் குரல் செய்தி வந்திருந்தது. முதலில் அழுகை. பிறகு, “இருக்கா அண்ணே. இருக்கா.”

6

நடந்ததைப் பலரிடம் கேட்டு ஒத்துப்பார்த்தேன். இந்த அளவு உறுதி: மாலதியின் கால் பாசிப் படியில் வழுக்கியது, நீர் இழுத்தது. பிரகாஷுக்கும் நீச்சல் தெரியாது. ஒரு கையில் படித்துறைச் சுவரில் மாட்டிய சங்கிலி, மறு கையில் அவள் முந்தானை. முந்தானை கையோடு வந்துவிட்டது. அப்போது குதித்தவர் கலியமூர்த்தி. சட்டையோடு, விசிலோடு, பையில் ஃபோனோடு. ஆலமரத்து வேருக்குப் பக்கத்தில் அவள் தலைமுடியைப் பிடித்துக் கரையேற்றினார். அவளுக்குக் கணுக்காலில் தையல். அவருக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது.

இரண்டு நாள் கழித்துப் பிரகாஷ் பேசினான்.

“மாமா, அந்தாளு ஃபோன நோண்டிக்கிட்டு நின்னாரு. அங்கே இருந்த ஒருத்தரும் கவனிக்கல. நீங்க மட்டுந்தான் பாத்தீங்க. நீங்களே அத்தைக்கிட்ட சொல்லியிருக்கீங்க. ஆபீசுல விசாரிக்கிறாங்க, எழுதிக் குடுங்க.”

“அவருதானப்பா குதிச்சாரு.”

“விசில் ஊதியிருந்தா குதிக்க வேண்டிய வேலையே இல்லையே மாமா.”

அவன் சொன்னது சரி.

பின்னாலிருந்து வசந்தா ஃபோனைப் பிடுங்கினாள். “அண்ணே, கலியமூர்த்தி அண்ணன் இல்லன்னா இன்னிக்கு நான் உன்கூடப் பேசுற நெலமையிலயா இருப்பேன்? இவரு எழுதச் சொல்றாருன்னு நீ எழுதிப்புடாத.”

“அத்தை, நாளைக்கு வேற வீட்டுப் பொண்ணு எறங்கும். அப்பவும் அவரு குனிஞ்சுக்கிட்டுதான் நிப்பாரு.”

“ஆமா, உங்க கையில சங்கிலி இருந்துச்சு. நீங்க பேசுவீங்க.”

அது சொல்லக் கூடாத சொல். மாலதி ஃபோனை வாங்கிப் பேசினாள்.

“அவரு என்னத்தப் பாத்தாருன்னு எனக்குத் தெரியாது மாமா. அவரு கையி மட்டுந்தான் தெரியும்.”

கலியமூர்த்தியோடு பேச வேண்டும் என்றேன். அவர் மனைவியின் ஃபோனில் பிடித்துக் கொடுத்தார்கள்.

“சொல்லுங்க சார்.”

“தோள் எப்படிங்க இருக்கு?”

“கட்டுப் போட்ருக்கு சார். பாப்பா நடக்குதுங்களா?”

“நடக்குது.” பிறகு கேட்டேன். “அப்போ ஃபோன்ல என்ன பாத்துக்கிட்டிருந்தீங்க?”

அவர் கோபப்படவில்லை. கேள்வி வரும் என்று காத்திருந்தவர் போலப் பேசினார்.

“மேல ஷட்டர் தூக்குறாங்கன்னு குரூப்புல மெசேஜு வந்துச்சு சார். அதத்தான் படிச்சேன். படிச்சுட்டு நிமிருறேன், பாப்பாவக் காணோம்.”

“அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு முன்னாடி... டூட்டில நிக்கிறேன்னு மணிக்கொரு தடவ படம் எடுத்துப் போடணும் சார். போடலன்னா ஆப்சென்ட்டும்பாங்க. அதப் போட்டேன். நடுவுல மச்சினன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். மாடு ஒண்ணு பைக்குல உக்காந்து போற மாதிரி. அது எப்ப பாத்தேன், முன்னாடியா பின்னாடியான்னு... சத்தியமா வெளங்கல சார். எல்லாம் அந்த ஒரு டப்பாவுக்குள்ளதான வருது.”

என் அறையில் எச்சரிக்கை ரேடியோவில் வருகிறது, வேடிக்கை சாம்பல் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. அவருக்கு இரண்டும் ஒரே சட்டைப் பையில். பார்க்காதே என்றால் தண்ணீர் வருவது தெரியாது. பார் என்றால் தண்ணீரில் நிற்பவள் தெரிய மாட்டாள். அவர் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தால், ஃபோன் இல்லாமலே நான் அந்த மூதாட்டியைப் பார்க்கவில்லை.

7

நான் எழுதிக் கொடுத்தேன். காக்கிச் சட்டை அணிந்தவர் தலை குனிந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். விசில் சத்தம் எனக்குக் கேட்கவில்லை, ஆனால் அங்கிருந்து வந்த பல சத்தங்களும் எனக்குக் கேட்கவில்லை. அவர் திரையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. இவ்வளவுதான். பிரகாஷ் படித்துவிட்டு, “இதுக்கு எழுதாமலே இருந்திருக்கலாம் மாமா” என்றான். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. வசந்தா பேசுகிறாள், சமையல் பற்றி மட்டும்.

நிலாவுக்கும் அதைக் காட்டினேன். தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது. வாசித்துச் சொன்னேன். “அப்படியானால் இப்போது அங்கே யார் நிற்கிறார்கள்?” என்று டச்சில் கேட்டாள்.

யாரும் இல்லை. விசாரணை முடியும்வரை கலியமூர்த்தி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மாற்று ஆள் போடவில்லை. குழுவில் செய்திகள் வந்துகொண்டிருக்கின்றன. புரட்டாசி அமாவாசைக்கு அந்தப் படிகளில் மறுபடி கூட்டம் இறங்கும். நான் வசந்தாவிடம் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறேன்: மாடத்தின் கீழ் விளிம்பில் யாராவது சிவப்புச் சாயம் பூசட்டும். “சொல்றேன்” என்றாள். பூசினார்களா என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

கலியமூர்த்தி சொன்னதைச் சரிபார்க்க ஒரு வழிதான் இருந்தது. எச்சரிக்கை மேலேயிருந்து அனுப்பப்பட்ட நேரத்தைக் குழுவில் இருக்கும் இன்னொருவர் எனக்குக் காட்டினார். அது வசந்தா என்னைக் கூப்பிட்ட பிறகு, மாலதி விழுமுன். ஆனால் என் படம் உறைந்து நின்ற அதே நேரம் அது. அதே சிக்னலில் அந்தச் செய்தி கலியமூர்த்தியின் கைக்கு எப்போது வந்து சேர்ந்தது, அவர் குனிந்தது அதற்கா மாட்டுக்கா என்பதை அவருடைய ஃபோன் மட்டுமே சொல்ல முடியும்.

அது அவர் வீட்டு அரிசிப் பானைக்குள் இருக்கிறது. ஈரத்தை அரிசி இழுத்துவிடும் என்று அவர் மனைவி புதைத்து வைத்தாராம். தினமும் உலைக்கு அரிசி அள்ளும்போது கையில் தட்டுப்படுகிறது, எடுத்து அழுத்திப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்துவிடுகிறார். நேற்றுவரை அது ஒளிரவில்லை. கலியமூர்த்தி அந்த நேரத்தில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது, இதை எழுதும் இன்று, புரட்டாசி முதல் வாரம், உறுதிப்படுத்தப்படவில்லை.